பத்து கிலோ குறைக்க எத்தனை யூரோ?

படப்பையிலிருந்து ஒரகடம் வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வரும். 1990-ல் திறந்தது. அங்கே ஓடுகிற காருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு, அதனால் எடை குறைந்த பேட்டரி மாட்டுவதில் நியாயம் உண்டு. தாம்பரம் டிராஃபிக்கில் ஊர்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்காம்?

2009-ல் போர்ஷே, 911 ஜிடி3-க்கு லித்தியம் அயன் பேட்டரி அறிவித்தது. எடை 6 கிலோவுக்கும் கீழே. வழக்கமான 60 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரியைவிட 10 கிலோ கம்மி. ஜெர்மனியில் விலை 1,904 யூரோ. ஆக, ஒரு கிலோ குறைக்க 190 யூரோ! (டிரைவர் கொஞ்சம் டயட்டில் இருந்தால் இலவசம்.)

குளிரில் லித்தியம் திணறும் என்று லெட் பேட்டரியையும் கூடவே கொடுத்தார்கள். நம்ம ஊரில் அந்தக் கவலை இல்லை. கவலை வேறு. அதன் கொள்ளளவு வெறும் 18 ஆம்பியர்-அவர். கார் சும்மா நின்றாலும் அலாரம், கடிகாரம் எல்லாம் கரண்ட் குடிக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தால்கூட 15 நாளில் காலி. லெட் 50 நாள் தாங்கும். ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்கள்தான் அதிகம், ஐப்பசி மழையில் அதுவும் கிடையாது. ஒரேயடியாக வடிந்த லித்தியம் செல் பழையபடி வருவது கஷ்டம்.

அப்படியும் வேண்டும் என்பவர்கள், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள அயர்ன் பாஸ்பேட் வகையாகப் பார்த்து வாங்கட்டும். கழற்றிய லெட் பேட்டரியை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம்.