முதலில் கார்னரை வாங்குங்கள்

அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பட்ஜெட்டாகத்தான் தெரியும். புரோ கபடி ஏலத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு அணிக்கு 5 கோடி ரூபாய். அதற்குள் குறைந்தது 18 பேரை எடுத்தாக வேண்டும். எந்த இனத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் கேள்வி. நம் தமிழ் தலைவாஸ்காரர்கள் இந்த ஒதுக்கீட்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பாலத்தில் நடைப்பயிற்சிக்கு வரும்போது என்னோடு சண்டை போடலாம்.

எனக்குக் கபடி பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். வகுப்பில் பிரெஞ்சு, வெளியே வந்தால் ஆற்று மணலில் சடுகுடு. ஆடியது சுமார்தான், பார்த்தது அதிகம். மனைவியின் ஊர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு பள்ளிபாளையம் வந்தேன். இங்கே தறி நிற்கிற நாளில் பையன்கள் கபடிக்குப் போய்விடுகிறார்கள். நானும் நாற்காலி தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

கணக்குக்கு வருவோம். தலைவாஸ் 2017இல் லீக்கில் சேர்ந்தது. 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய பெரிய பெயர்கள். முடிவில் 12 அணிகளில் கடைசி இடம். 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அப்போது மொத்தக் கையிருப்பே 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. அவர் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். 2024இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. மிச்சம் 2.85 கோடியை 17 பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு 17 லட்சம் கூட வராது. 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி. அந்த வருடமும் முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை.

ராகுல், பவன், சச்சின், அர்ஜுன் எல்லோரும் பாடிப் போகிறவர்கள், அதாவது ரெய்டர்கள். எல்லோரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வாங்கியவர்களைத்தான் சொல்கிறேன்.

கபடியில் ஒரு விதி இருக்கிறது. ரெய்டர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் மறுபடி உள்ளே வர வேண்டுமானால் அவருடைய அணி எதிரி ஆளை வெளியேற்ற வேண்டும். இரண்டு கோடி கொடுத்த ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவரை யார் உள்ளே கொண்டு வருவது? பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும் நிற்கிற கார்னர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற கவர்களும்தான். அவர்கள் ஒரு ஆளை மடக்கினால் இவர் எழுந்து வருவார். மடக்கத் தெரியாவிட்டால் இரண்டு கோடியும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, கார்னர் தனியாக ஆடுகிற ஆளே இல்லை. அவர் கணுக்காலைப் பிடித்த அந்த நொடியில் கவர் வந்து விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்தவரும் வந்து விழுந்தவரும் சேர்ந்து வெளியே போக வேண்டியதுதான். இந்த ஒத்திசைவு ஏலத்தில் கிடைக்காது. இரண்டு மூன்று வருடம் ஒன்றாக ஆடினால்தான் வரும்.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது அவர்கள் ஊர் ஃபுட்பாலைப் பார்த்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர்! அங்கே போன வருடம் கடைசியாக வந்த அணிதான் கல்லூரி முடித்த பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். பந்தை எறிகிறவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நிற்கிறார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். எறிகிறவருடைய முதுகுப் பக்கத்தைக் காப்பவருக்குப் பெரிய சம்பளம் என்று பேரன் சொன்னான். எனக்குப் பள்ளியில் படித்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ரக்பியில் முன்வரிசையில் முட்டி நிற்கிற ஆளை 'பிலியே' என்பார்கள். தூண் என்று பொருள்.

நம்மிடம் தூண் இல்லையா? தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய கார்னர், 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2015இல் மும்பை ஜெயித்தபோது கவரில் நின்றவர் நம் ஜீவா குமார். வெளியூர்க்காரன் நம் ஆளைப் பிடிக்க வைத்து ஜெயிக்கிறான். ஈரானைச் சேர்ந்த ஷாத்லூயி பிடிப்பதில் கெட்டிக்காரர், பாடவும் தெரியும். அவரை 2.35 கோடிக்கு எடுத்த புனே அந்தக் கோப்பையை வென்றது. அடுத்த முறை 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானாவும் வென்றது.

தலைவாஸுக்கே நல்ல வருடம் எது? பவன் அடிபட்ட அதே 2022தான். நரேந்தர் என்ற புதுப் பையன் பாடினான்; சாகர், சாஹில் குலியா இரண்டு ஓரமும் நின்றார்கள். அரையிறுதி வரை போய்ப் புனேயிடம் 37–39 என்று தோற்றார்கள். பாதிப் பணம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மீதிப் பணம் அரையிறுதிக்குப் போனது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் ஏறக்குறைய அதே பையன்களை வைத்தும் பிளே-ஆஃபுக்குப் போக முடியவில்லை. பிடிப்பு மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. எதை முதலில் வாங்குவது என்பதைத்தான் சொல்கிறேன். வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தோடு நிறுத்துவதில்லை, ஆனால் அதைக் கடைசியில் போடுவதும் இல்லை.

என் ஒதுக்கீடு இதுதான். முதலில் இரண்டு கார்னர், இரண்டு கவர். நால்வரையும் மூன்று வருடம் கலைக்கக் கூடாது. ரெய்டருக்குக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. புதிய இளம் வீரர் திட்டத்தில் எடுக்கும் பையன்களில் இரண்டு பேராவது நம் மாவட்டங்களில் கார்னர் ஆடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

கடைசிப் பாயிண்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன். இடது கார்னர். கணுக்காலைப் பிடித்தால் உடும்பு. ஆறேழு வருடம் முன்னால் ஒரு தேர்வு முகாமுக்கு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தான். இந்தத் தெருவில் மனு எழுதுவது நான்தானே. ஆடும் இடம் என்ற கட்டம் வந்தது.

"ஏனுங்கய்யா, கார்னர்னு போட்டா எடுப்பாங்களாங்க? பாடிப் போறவனைத்தானுங்க எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. டி.வி.யில் பார்த்த விலைகள்தான் மண்டையில் இருந்தன. "ரெய்டர் என்று போடு தம்பி" என்று சொல்லி நானே அந்தக் கட்டத்தை நிரப்பினேன். அங்கே அவனைப் பாடச் சொன்னார்கள். பாடினான். முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு என்ன வரும் என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் என் கையெழுத்தில் வேறு எழுதியிருந்தது.

அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இன்று தறி ஓட்டுகிறான். பொங்கல் சமயத்து ராத்திரி ஆட்டங்களில் இன்னும் அதே இடது ஓரத்தில் நிற்கிறான். என்னைப் பார்த்தால் நாற்காலியை நிழலில் நகர்த்திப் போடுகிறான்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் செய்வதும் நான் செய்ததும் ஒரே தப்புதான். அவர்கள் கோடிகளில் செய்கிறார்கள், நான் ஒரு கட்டத்தில் செய்தேன். போன வாரம் அவனுடைய சித்தப்பா மகன் ஒரு படிவத்தோடு வந்தான். அவனும் கார்னர்தான். இந்த முறை நான் பேனாவை எடுக்கவில்லை. "உனக்கு எது வருமோ அதை நீயே எழுது தம்பி" என்றேன். கார்னர் என்று எழுதினான். எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.