குட்டியானை இழுக்கும்

"மின்சார வண்டி ஆள் போய்வரத்தான் சரி, சுமைக்கு ஆகாது" என்று அடித்துச் சொல்கிறார்கள். எந்தச் சுமை, எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை.

கீரமங்கலம் பூச்சந்தைக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். ஈரச் சாக்கில் கட்டிய மல்லிகை, குட்டியானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வண்டியில் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போகிறது. போகவர நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 2022-இல் வந்த டாடா ஏஸ் மின்வண்டிக்குக் கம்பெனி சொல்லும் ஒரு சார்ஜ் ஓட்டம் 154 கிலோமீட்டர், சுமை 600 கிலோ. 2024-இல் ஒரு டன் ஏற்றும் வண்டியும் வந்துவிட்டது. சோதனையில் கிடைத்த அந்த 154-இல் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் போய்த் திரும்பிவிடலாம்.

இழுவையா? ஆலங்குடிப் பக்கம் பலாப்பழம் ஏற்றிய டீசல் வண்டி செம்மண் தோப்பிலிருந்து கிளம்பும்போது கிளட்ச் கருகும் வாடை மூக்கில் ஏறும். மின்வண்டியில் கருகக் கிளட்சே இல்லை; சக்கரம் அசையும்போதே மோட்டாரின் முழு முறுக்குவிசையும் கிடைக்கும்.

கோட்டைப்பட்டினம் மீனை ஐஸோடு கேரளாவுக்குக் கொண்டுபோக இது உதவாதுதான். அதற்கு டீசல் லாரி ஓடட்டும். அந்த ஒரு ஓட்டத்தைக் காட்டி, பூ ஏற்றுகிறவரையும் டீசல் பங்க்கிலேயே நிற்க வைப்பது அநியாயம். விலை கூடுதல் என்று வாதாடுங்கள், கேட்கிறேன். இழுக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்.