காராமணியில் நெளியும் பச்சைப் புழு... மருந்து அடிக்கலாமா?

‘‘30 சென்டில் காராமணி போட்டிருக்கிறேன். கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. அதன் நடுவே பச்சையாகச் சின்னப் புழுக்கள் நெளிகின்றன. தேனீ மாதிரி ஒன்று செடிக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. மருந்து வாங்கி வைத்துவிட்டேன். அடிக்கலாமா?’’

- வாசகர், நெய்வேலி.

மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் புழுவை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. காயைத் தின்னும் புழுவுக்குக் கால்கள் இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள் கால் இல்லாமல், தலைப்பக்கம் கூராக, அட்டை போல் ஊர்ந்தால் அது பெரும்பாலும் சிர்பிட் ஈயின் புழு. அசுவினியைக் கவ்வித் தூக்கி, சாறை உறிஞ்சிவிட்டு, வெறும் தோலைப் போட்டுவிடும். வளர்ந்து முடிவதற்குள் ஒரு புழு சில நூறு அசுவினிகளைத் தீர்த்துவிடும்.

அந்தரத்தில் நிற்பது இதன் தாய் ஈ. கறுப்பு, மஞ்சள் பட்டையைப் பார்த்து தேனீ, குளவி என்று பயப்பட வேண்டாம். தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டுதான். மீசை குட்டை, கண் பெரிது, கொடுக்கு கிடையாது. பூவில் தேனும் மகரந்தமும் சாப்பிடும். அசுவினி இருக்கும் இடம் பார்த்து, வெள்ளையாக ஒவ்வொரு முட்டையாக வைக்கும்.

சமவெளி வயல்களில் அதிகம் தென்படுவது ‘இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ்’. முதுகின் இரு ஓரத்திலும் மஞ்சள் கோடு இருக்கும். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்த ஃபேப்ரீசியஸ்தான், 1805-ல் இந்த ஈக்கும் பெயர் வைத்தார். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் ‘எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ்’ என்ற இன்னொரு இனம் உண்டு. அதன் வயிற்றில் தடித்த கறுப்புப் பட்டையோடு, மீசை போல மெல்லிய பட்டையும் இருக்கும். இந்திய சிர்பிட் ஈக்களைத் தொகுத்து புரூனெட்டி எழுதிய நூல் 1923-ல் வந்தது. அதற்குப் பிறகும் எந்த ஊரில் எந்த இனம் இருக்கிறது என்ற பதிவு குறைவுதான். அதை விவசாயிகளே நிரப்பலாம்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஈ மந்தமாக இருக்கும். அப்போது செல்போனில் மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என மூன்று படம் எடுக்க வேண்டும். தேதி, ஊர், பயிர், எந்த அசுவினி என்பதைக் குறித்துக்கொண்டு, ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் ஏற்றலாம். சில இனங்களைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதை ஒரு சிறு டப்பாவில் பிடித்து, விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பூச்சியியல் துறையிலோ காட்டலாம்.

சரி, காராமணிக்கு என்ன செய்வது? 20 செடிகளில் கொழுந்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் புழு இருந்தால், நான்கைந்து நாள் பொறுக்கலாம். ரசாயன மருந்து அடித்தால் அசுவினியோடு இந்தப் புழுவும் செத்துவிடும். மிஞ்சிய அசுவினி, எதிரி இல்லாமல் மறுபடி பெருகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காய் பறிக்கும் பயிரில் மருந்தின் மிச்சம் சாப்பிடுபவர் தட்டுக்கும் போகும்.

புழு இல்லாத செடிகளில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியைக் கழுவலாம். அடங்காவிட்டால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலை, தேனீ வராத மாலை நேரத்தில் அந்தச் செடிகளுக்கு மட்டும் தெளிக்கலாம். இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்திருந்தால், அது அசுவினி பரப்பும் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பொறுத்திருக்காமல் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

அடுத்த பட்டத்தில் வரப்போரம் கொத்தமல்லியும் கடுகும் தூவிவிட்டால், பூவைத் தேடி சிர்பிட் ஈ தானாகவே வரும்.