பேய் பேசும் மொழி

பேய்ப் படங்களில் மெய்யாக அச்சமூட்டுவது கோர முகமன்று. நாமறிந்த ஒருவர் நாமறியாத மொழியில் பேசத் தொடங்குவதே. 1993-இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தில், ஷோபனா நடித்த கங்கா, தஞ்சை நாட்டியக்காரி நாகவல்லியாக மாறித் தமிழில் சீறுகிறாள். பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கித் தேவிகுளத்திலும் அத்தமிழ் நம் அடுக்களை மொழியன்றோ! மலையாள அன்பர்கள் நடுங்கிய இடத்தில், காதலனையும் உயிரையும் பறிகொடுத்த பெண்ணொருத்தியின் முறையீட்டை நாம் கேட்டோம். அக்கதை 2005-இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது, ஆவி தெலுங்கு பேசிற்று, நடுங்கியவர் நாமே! பேய்க்கு எவரும் அண்டை வீட்டார் மொழியையே கொடுக்கின்றனர் போலும். ஆதலின் நம் மக்களுக்குத் தமிழோடு மலையாளத்தையும் பயிற்றுவோம். பொருள் விளங்கினால் அச்சம் அகன்று இரக்கம் பிறக்கும்.