பழைய கியர்ப்பெட்டி வாங்குவோர்க்கு

பழைய பொருளின் மினுக்கில் மயங்குதல் நம்மவர்க்கு மட்டுமே உரிய குணமன்று. அமெரிக்காவில், 1980களில் வெளிவந்த போர்ட் மஸ்டாங் வேகக்காருக்குப் பழைய ரி-5 கியர்ப்பெட்டி தேடுவோரும் அவ்வாறே ஏமாறுவதுண்டு. 1987இல் அக்காரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 300 இறாத்தல்-அடி முறுக்குவிசை தந்தது. கியர்ப்பெட்டியோ 265க்கே மதிப்பிடப்பெற்றிருந்தது! 1990இலேதான் பெட்டியும் 300ஐ எட்டியது. ஆகவே, பின்புறத் திருகாணியில் கோத்த சிறு தகட்டின் இலக்கத்தைக் கொண்டு எவ்வாண்டுப் பெட்டியென முதலில் அறிதல் வேண்டும். (தகட்டை மாற்றிக் கோப்பாரும் உளர்.) பின்னர் எண்ணெயை வடித்து நோக்குக. இப்பெட்டிக்கு உரியது ஓட்டோமற்றிக் கியர்களுக்கான மெல்லிய எண்ணெய். தடித்த எண்ணெய் வடியுமாயின், தேய்ந்த பற்சக்கரங்களின் இரைச்சலை அடக்க ஊற்றினரோ என நாம் ஐயுறுவோம். உருக்குத் துண்டுகளும் உடன் வருமாயின், விலை எத்துணை மலிவாயினும் விட்டுவிடுக.