கணிப்பொறி மொழியும் சிவகாசித் திரியும்

எங்கள் சூலக்கரை வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலை அறியாதவர் இலர். திரி செய்பவர் ஒருவர். குழாய் உருட்டுபவர் ஒருவர். மருந்து செலுத்துபவர் இன்னொருவர். புதிய வெடி ஒன்று சந்தைக்கு வருகிறது என்பதற்காகத் திரி செய்யும் முறையை யாரும் முதலிலிருந்து கண்டுபிடிப்பதில்லை. கணிப்பொறி மொழிகளையும் இவ்வாறே பகுதி பகுதியாகக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு கணிப்பொறி மொழிக்கு மூன்று வேலைகள் உண்டு. எழுதியதைச் சொற்களாகப் பிரிப்பது, இலக்கணத்தைச் சரிபார்ப்பது, பொறிக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது. 5 மொழிகளை 4 வகைப் பொறிகளில் ஓட்டத் தனித்தனியே எழுதினால் 20 மொழிமாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொது வடிவத்தை வைத்துவிட்டால் 5-உம் 4-உம் சேர்ந்து 9 பகுதிகளே போதும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். இவ்வழியில் வளர்ந்ததே. ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகள் அதன்மேல் நிற்கின்றன.

தமிழிலும் சான்று உண்டு. முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கிய 'எழில்' என்னும் நிரல்மொழி, பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. அதில் நிபந்தனை முதலிலும் 'ஆனால்' என்ற சொல் பின்னும் வரும். நம் வாக்கிய அமைப்பு அதுதானே! 'எழில்' என்ற சொல்லில் நமக்கு 3 எழுத்துகள். யூனிகோடு முறையிலோ 5 குறியீடுகள். அவற்றை எழுத்துகளாகச் சேர்த்து எண்ணுவது போன்ற வேலைகளை 'ஓப்பன் தமிழ்' என்ற தனி நூலகமாகவும் எழில் குழுவினர் வெளியிட்டனர். எழில் மொழியைத் தொடாதவரும் அதை எடுத்தாளலாம். பகுதியாகச் செய்ததன் பயன் இது.

"தமிழில் நிரல் எழுதினால் வேலை கிடைக்குமா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. நிறுவனங்கள் கேட்பது ஆங்கிலச் சொற்கள் கொண்ட மொழிகளைத்தான். ஆயினும், எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வகுப்பில் என்னைத் தடுத்தது கணக்கன்று, ஆங்கிலச் சொற்களே. கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டவருக்குப் பிறகு சொல்லை மாற்றிக்கொள்வது எளிது. மேலும், சொற்களைப் பிரிக்கும் ஒரு பகுதியை எழுதிப் பழகிய அறிவு எந்த மொழிக்கும் உதவும்.

கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிகள் மதிப்பெண் பெற்றதும் அலமாரியில் உறங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு மாணவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். இதற்கு மாறாக, ஒவ்வொரு வகுப்பும் ஒரே ஒரு சிறு பகுதியைச் செய்யட்டும். எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்குவது, சந்தி பார்ப்பது, பிழைச் செய்தியைத் தமிழில் சொல்வது என வேலைக்கா பஞ்சம்? விளக்கக் குறிப்புடன் அதை அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கட்டும்.

மாணவ நண்பர்களே! ஒரு முழு மொழியை ஒருவரே படைக்க வேண்டியதில்லை. நாம் செய்துவைத்த பகுதி, நம் பெயரே தெரியாத ஒரு மாணவருக்கு நாளை பயன்படுமானால், அதுவே நாம் பெறும் பட்டத்திற்குப் பெருமை.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்