பெட்டிக்குள் இருப்பது எந்த ஆண்டுச் சரக்கு?

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்து சேரும் தை, மாசி மாதங்களிலும், பிளஸ் டூ முடிவு வெளியாகிப் பிள்ளைகள் கல்லூரியை நோக்கிப் புறப்படும் கோடையிலும், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் கம்ப்யூட்டர் கடைகளில் தகப்பனாரும் மகனும் சேர்ந்து நின்று விலை விசாரிப்பது இப்போது சகஜமாகிவிட்டது. படிப்புக்கு உதவுமா என்று தகப்பனார் கேட்கிறார். கேம் ஓடுமா என்று மகன் கேட்கிறான். இரண்டும் நியாயமான கேள்விகளே. விளையாட்டைத் தடையின்றி ஓட்டும் சக்தி வாய்ந்த யந்திரம், வீடியோ தொகுப்புக்கும், பொறியியல் மாணவனின் முப்பரிமாண வரைபடத்துக்கும் அதே சக்தியைத் தரும். பணம் கட்டி ஆடும் சூதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பிள்ளையின் ஆசையைத் துர்ப்பழக்கம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளை அங்கீகரித்திருக்கிறது.

என் கவலை வேறு. உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்து வாங்கிப் பூட்டும் வித்தை எல்லாருக்கும் வாய்ப்பதில்லையாதலால், முன்னமே பூட்டி வைத்த பெட்டியை வாங்குவதுதான் சாமானியக் குடும்பத்துக்கு இயல்பான வழி. அந்த வழியில்தான், கண்ணாடிப் பக்கமும் வர்ண விளக்குகளும் பொருத்திய அழகான கேபினட்டுக்குள், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய சரக்கைப் புதியதென்ற பாவனையில் வைத்து விற்கும் வழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் இருக்கும். விலை 20,000 ரூபாயைத் தாண்டாது. உள்ளே திறந்து பார்த்தால், எச்61 என்னும் 2011ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த மதர்போர்டும், அதே காலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் கழிக்கப்பட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் ஜெனரேஷன் ஐ7 சிப்பும், 2014இல் வெளிவந்த ஜிடி 730 கார்டும் இருக்கும். ஐ7 என்பது பொய்யன்று. எந்த ஐ7 என்பது மட்டும் மறைக்கப்படுகிறது. 2022இல் வந்த சாதாரண ஐ3 12100 சிப், கோர்களின் எண்ணிக்கையில் 2011ஆம் ஆண்டின் ஐ7 2600க்குச் சமமாயிருந்து, வேகத்தில் அதை வெகுதூரம் பின்னே தள்ளிவிடும் என்பதைக் கடையில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

இந்தப் பிரதேசத்து விவசாயி விதை வாங்கும் விஷயத்தில் ஏமாறக் கூடியவரல்லர் என்பதுதான் என் மனத்தை மிகவும் வருத்துகிறது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் நெல் ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பழகிய அவர், விதை மூட்டையைத் தூக்குமுன் அதில் தைத்திருக்கும் நீல நிற அட்டையைப் புரட்டிப் பார்க்கிறார். ரகம் என்ன, பரிசோதித்த நாள் என்ன, முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையாமலிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் தந்த உரிமை அது. அதே மனிதர், ஒரு மூட்டை விதையைப்போல் பல மடங்கு விலை கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கும்போது, ரகமும் ஆண்டும் எழுதாத பெட்டியை நம்பிக்கை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு சுமந்து வரும்படி நிர்ப்பந்திக்கப்படுகிறார். பொட்டலப் பொருள்களின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டுமென்று எடையளவு விதிகள் சொல்வது உண்மையே. ஆனால் பெட்டியைப் பூட்டிய தேதியை அச்சிட்டுவிட்டால் விதியின் எழுத்து நிறைவேறிவிடுகிறது, உள்ளே இருக்கும் சிப்பின் வயது வெளியே தெரிவதில்லை.

பழையது என்பதனாலேயே ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. ஆனால் இந்தப் பழமைக்கு ஓர் எல்லை வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷனும் அதற்குப் பிந்தியவையுமான சிப்புகளையே, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். நம் பிள்ளைகள் விரும்பி ஆடும் வாலரன்ட், அதிக சக்தி கேட்காத விளையாட்டுத்தான். எனினும் விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0 இல்லாத யந்திரத்தில் ஓட மறுக்கிறது. ஆகவே குறுக்கு வழியில் புதிய விண்டோஸை ஏற்றிக் கொடுத்த பழைய ஐ7 பெட்டி, வாங்கி வந்த முதல் நாளிலேயே பையனின் முகத்தை வாடச் செய்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கண்கட்டுத்தான். எத்தனை ஜிபி என்பது கார்டின் திறமைக்கு அளவாகாது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில், ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு 2017இல் ஒரு கார்டும், சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு 2018இல் இன்னொரு கார்டும் வந்தன. இரண்டுக்கும் ஜிபி கணக்கு ஒன்றே, ஆனால் பின்னதன் வேகம் பல விளையாட்டுகளில் முன்னதில் ஏறக்குறையப் பாதிதான். கையில் சுமார் 40,000 ரூபாய்தான் இருக்கிறதென்றால், தனிக் கார்டுக்கு ஆசைப்படாமல், சிப்புக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் அமைந்த ரைசன் 5 5600ஜி போன்றதைத் தேர்ந்தெடுப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதுவும் 2021ஆம் ஆண்டுச் சரக்குத்தான். ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்கிறது, ஜிடிஏ 5 போன்ற விளையாட்டை மிதமான அமைப்பில் நன்றாகவே ஓட்டும், பின்னால் பணம் சேரும்போது தனிக் கார்டு சேர்த்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. இத்தகைய சிப்புக்கு ராமை ஒரே 16 ஜிபி துண்டாகப் போடாமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாகப் போடச் சொல்ல வேண்டும். அதிகச் செலவில்லாமல் கணிசமான வேகம் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025இன் கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுவது, உறுப்புகளுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். விலையைக் குறைக்க விரும்பும் கடைக்காரர் முதலில் கை வைப்பது அதில்தான், ஏனெனில் எந்தப் பையனும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ‘450 வாட்’ என்று ஒட்டியிருக்கும் காகிதம் ஓர் உறுதிமொழியாகாது. மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் சான்று பெற்றதா, எந்தக் கம்பெனியுடையது, எத்தனை வருஷ வாரண்டி என்று கேட்க வேண்டும். காவிரி டெல்டாவில் இது இருமடங்கு அவசியம். ஆற்றில் தண்ணீர் வருமுன் குறுவை நாற்றங்காலுக்காகப் போர்வெல் மோட்டார்கள் ஒருசேர ஓடும் நாட்களில் கிராமத்து வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டில் நிலைத்து நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலோ மின்சாரம் போவதும் வருவதுமாயிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. நல்ல எர்த்தும், தக்க அளவுள்ள ஒரு யுபிஎஸ்ஸும் கம்ப்யூட்டரின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. சாதாரணமாக 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பெரிய கார்டு போட்ட பெட்டிக்கு அது போதாது. நெல் அடுக்கிய அறையில் பெட்டியை வைத்தால் தூசு விசிறியை அடைத்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவிலோ, இணைய அங்காடியிலோ ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கிறதென்று ஓடுவதை நான் ஆதரிப்பதற்கில்லை. கனமான கார்டு பொருத்திய பெட்டி பார்சலில் குலுங்கி வந்து சேர்ந்து, பின்னர் பழுதாகி அதே தூரம் திரும்பிப் போக வேண்டிவந்தால், மிச்சம் பிடித்த பணம் வண்டிக் கூலிக்கே போதாது. வட்டியில்லாத் தவணை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அப்படியொன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவாக எழுதிவிட்டது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பூட்டி விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெட்டி மேலும், இணைய விளம்பரத்திலும், சிப்பின் முழு எண், அது முதலில் வெளிவந்த ஆண்டு, உபயோகித்ததா புதியதா, கார்டின் நினைவக வகை, எஸ்எம்பிஎஸ்ஸின் சான்று ஆகியவற்றை எழுதியே ஆக வேண்டுமென்று விதி செய்ய வேண்டும். அந்த விதி வரும்வரை, இவை அத்தனையும் வரிசை எண்ணோடு தனித்தனியே குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி பில் தராத கடையில் எவரும் முன்பணம் கொடுக்கலாகாது. ‘ஐ7 சிஸ்டம் ஒன்று’ என்று ஒரே வரியில் எழுதிய பில் எந்த விசாரணையிலும் பிரயோஜனப்படாது. விவரமான பில் கையிலிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டில்லியிலேயே இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை அதற்குக் கட்டணமும் கிடையாது.